இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துகிறவர்

பெற்றோல் மிச்சம் பிடிப்பது எப்படி என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனத்தோடு சொல்கிறவர்களிடமும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அல்லது வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். எழுபதுகளில், அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் அந்தப் புத்திமதிகளை வாரம் தவறாமல் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. சொன்னவர் என் கணவர். அவருடைய புத்திமதிகளில் ஒன்று என் மணிக்கட்டை உடைத்தது. அதே புத்திமதியை அவர் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்துக்கும் சொன்னார். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது நகரத்தில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. புதிதாக வருகிறவர் முதலில் வேலை தேடுவார், அடுத்ததாகப் பழைய கார் ஒன்று தேடுவார். கார் வாங்கியதும் யாராவது அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "அண்ணையிட்டை ஒருக்காக் காட்டுங்கோ" என்பது அந்த நாட்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என் கணவர் இலங்கையில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவர். மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு பழைய இங்கிலாந்துக் காரைப் பதினொரு வருடம் மலைப்பாதையில் ஓட்டியவர். ஊரில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவர் காரை மட்டும் எப்படியோ ஓடவைத்தார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்பாதையில் இறக்கி வைத்தார்.

ஞாயிறு பின்னேரங்களில் முன்பாதையில் இரண்டு மூன்று கார்கள் நிற்கும். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் சுற்றி நிற்பார்கள். நான் குசினிக்கும் வாசலுக்குமாகத் தேத்தண்ணீர் காவுவேன். இவர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ரயரில் காற்று குறைந்தால் பெற்றோல் கூடக் குடிக்கும் என்பார். அது உண்மை. காற்று வடிகட்டியைக் கழற்றி உடுப்புக் காயவைக்கும் கம்பத்தில் தட்டித் தூசியை உதறுங்கள் என்பார். அதுவும் பாதி உண்மை, ஆனால் கம்பத்தில் காய்ந்த என் சேலைகளில் அந்தத் தூசி படிந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. காலைக் குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை வெளியே இழுத்துவிட்டு மறந்துபோகிறவன் குடும்பம் நடத்தத் தகுதி இல்லாதவன் என்பார். அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், ஒருவர் மட்டும் சிரிக்கமாட்டார். அவர்தான் சோக்கை மறந்தவர் என்று எனக்கு விளங்கும்.

மீதியெல்லாம் பைத்தியக்காரத்தனம். பாரம் குறையட்டும் என்று உபரிச் சில்லையும் ஜாக்கியையும் காரிலிருந்து இறக்கிக் கராஜில் வைத்துவிட்டார். ஒரு மழை நாளில் நெடுஞ்சாலையில் ரயர் வெடித்தபோது நாங்கள் இரண்டு மணி நேரம் நனைந்தோம். மெல்பேண் குளிரில் காரின் ஹீற்றரைப் போடவிடமாட்டார், எஞ்சினுக்குச் சுமையாம். என் கைவிரல்கள் நீலம் பாரிக்கும். எஞ்சினில் வீணாகப் போகும் சூட்டைத்தான் ஹீற்றர் உள்ளே அனுப்புகிறது, அதற்குப் பெற்றோல் ஏதும் செலவில்லை என்று பல வருடம் கழித்து ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இவர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய புத்திமதி ஒன்று இருந்தது. இறக்கத்தில் கியரை நியூற்றலுக்கு எடுத்து, எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கார் தன்பாட்டில் உருண்டு இறங்கும். அடிவாரத்தில் மறுபடி எஞ்சினைக் கிளப்பலாம். மலைநாட்டில் அவரும் அவருடைய சிநேகிதர்களும் அப்படித்தான் செய்வார்களாம். இவர் ஒரு படி மேலே போய், எஞ்சினை நிறுத்திய கையோடு திறப்பை, அதாவது கார்ச் சாவியை, உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாராம். பின் இருக்கையில் இருக்கிறவர்கள் அலற, இவர் ஒற்றைக் கையால் ஓட்டுவாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய முகம் எப்படி மலரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

இத்தனை பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு இந்த ஊரில் லைசென்ஸ் கிடையாது என்பது வந்து போகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. இரண்டு முறை சோதனைக்குப் போனார், இரண்டு முறையும் தோற்றார். முதல் தடவை, பக்கத்தில் சோதனை அதிகாரியை வைத்துக்கொண்டே இறக்கத்தில் நியூற்றலில் விட்டிருக்கிறார். என்ன செய்கிறீர் என்று அந்த மனிதர் கேட்க, இவர் பெற்றோல் மிச்சம் பிடிப்பதைப் பற்றி அவருக்கு விளக்கியிருக்கிறார். இரண்டாம் தடவையும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, கறுப்பன் எண்டபடியால் விழுத்திப் போட்டாங்கள் என்றார். அப்படி விழுத்துகிறவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆனால் இவரை விழுத்தியது கியரைப் பிடிக்கும் இவருடைய இடது கை.

எனக்கு லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது. ஊரில் நான் காரின் பின் இருக்கையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை, அதனால் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் இல்லை. லைசென்ஸ் கையில் வந்த அன்று நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு நான் ஓட்டினால் அவர் பக்கத்தில் இருந்து வாயால் ஓட்டுவார். கியரை இப்போ மாற்றும், காலை எடும், முன்னால் சிவப்பு விளக்குத் தெரியுது, ஏன் இன்னும் மிதிக்கிறீர். எங்கள் கார் ஆறு சிலிண்டர் உள்ள பழைய உள்ளூர்க் கார், முன் இருக்கை நடுவில் பிரிவில்லாமல் ஒரு வாங்குபோல நீளமாக இருக்கும். அதனால் அவர் வரவர என் பக்கம் நகர்ந்து வந்து டாஷ்போர்டில் பெற்றோல் முள்ளைப் பார்ப்பார். எனக்கு மூச்சு முட்டும். தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகும் காலைகளில் ஹீற்றரை முழுதாகத் திறந்து விட்டுக்கொண்டு போவேன். அந்த அரைமணி நேரம் என்னுடையது.

என் மணிக்கட்டு உடைந்த அந்த ஞாயிறு காலை டண்டினோங் மலைப்பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். நீளமான இறக்கம் ஒன்று தொடங்கியது. இருபுறமும் உயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள், தூரத்தில் வலப்பக்கம் வளையும் திருப்பம் ஒன்று.

"நியூற்றலுக்கு எடும்" என்றார்.

"திருப்பம் வருது" என்றேன்.

"அது கிடக்குது அங்காலை. எடும். ஒருக்காச் செய்து பாரும், பிறகு நீரே விடமாட்டீர்."

எடுத்தேன். என் பங்குக்கு நான் செய்த பிழை அது, அதை நான் மறைக்கவில்லை. சண்டை பிடித்துப் பிடித்து அலுத்துப்போயிருந்தேன். கார் சத்தம் குறைந்து உருளத் தொடங்கியது. அப்போது அவருடைய கை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டு, ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கம் இருந்த திறப்பைப் பிடித்துத் திருகியது. எஞ்சின் அணைந்தது. அடுத்த கணம் திறப்பு அவர் கையில் இருந்தது. என் முகத்துக்கு முன்னால் அதை ஆட்டிக் காட்டினார்.

ஊரில் அவர் ஓட்டிய காரில் திறப்புத் துவாரம் டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. திறப்பை எடுத்தாலும் ஸ்டியரிங் சுழலும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் கார் அப்படிப்பட்டதல்ல. கள்வர் கொண்டுபோகாமல் இருக்க, திறப்பை உருவியதும் ஸ்டியரிங்கைப் பூட்டிவிடும் காலத்துக் கார் அது. நான் திருப்பத்துக்காக இலேசாக வலப்பக்கம் திருப்பினேன். 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு ஸ்டியரிங் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பிறேக்கை மிதித்தேன், எஞ்சினின் உதவி இல்லாமல் பிறேக் கல்லைப்போல இருந்தது. அவர் "திருப்பும், திருப்பும்" என்று கத்தினார். நான் எழும்பி நிற்கிறமாதிரி பிறேக்கில் ஏறி மிதித்தேன். கார் பாதையைவிட்டு இறங்கி, சாக்கடைப் பள்ளத்தில் குதித்து, வேலிக் கம்பத்தில் மோதி நின்றது. அந்த வேலிக்கு அப்பால் நிலம் செங்குத்தாக இறங்கியது. கம்பம் இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

என் இடது மணிக்கட்டு ஸ்டியரிங் கம்பிகளுக்கு இடையில் சிக்கியிருந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முதலில் அவர் செய்த வேலை, குனிந்து திறப்பை மறுபடி துவாரத்தில் செருகியதுதான். அதை நான் கண்ணால் பார்த்தேன். கையை விடுவிக்க உதவுவார் என்று காத்திருந்தேன்.

"இஞ்சாரும்," என்றார். "பொலிஸ் வந்தால் நீர்தான் நிப்பாட்டினனீர் எண்டு சொல்லும். பதட்டத்திலை திறப்பை எடுத்துப்போட்டன் எண்டு சொல்லும்."

"ஏன்?"

"வாற கிழமை எனக்கு டெஸ்ட். இது தெரிஞ்சால் என்ரை பேரை வெட்டிப்போடுவாங்கள். நீர் லைசென்ஸ் எடுத்தாச்சுத்தானே."

வழியில் வந்த ஒருவர் தகவல் சொல்ல, பொலிஸ்காரர் வந்தார். இளம் வயது, மரியாதையானவர். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். என் கை பூசணிக்காய்போல வீங்கிக்கொண்டிருந்தது, தலை சுற்றியது. அருகில் என் கணவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பதட்டம் என்றேன். அவர் அதை எழுதி வாசித்துக் காட்டினார். நான் வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு வீடு திரும்பியதும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பழியை நான் சுமக்கிறேன், ஆனால் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லி இனி ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. "ஓம், ஓம்" என்றார். நான் என்ன கேட்டாலும் அப்போது ஓம் சொல்லும் நிலையில் அவர் இருந்தார்.

என் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். பரிசோதனைக்கூடத்தில் காலை வேலையை வேறொருத்திக்குக் கொடுத்து, என்னைப் பகலில் குப்பி கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். இவர் மூன்றாம் தடவை சோதனைக்குப் போய் வென்றுவிட்டார். காரைத் திருத்தி எடுத்ததும் தானே ஓட்டத் தொடங்கினார். நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பாதையிலிருந்து அவர் குரல் கேட்கும்: "பொம்பிளையளுக்குப் பதட்டம் வந்திட்டால் கையும் ஓடாது காலும் ஓடாது. திறப்பையே உருவிப்போட்டா." ஆண்கள் சிரிப்பார்கள். நான் குசினியில் ஒற்றைக் கையால் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பேன். அவரை அந்த வாரங்களில் நான் வெறுத்தேன். அதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லியிருப்பேன்.

கட்டு இன்னும் அவிழ்க்காத ஒரு ஞாயிறு புதிதாக ஒரு குடும்பம் வந்தது. பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், அவர் மனைவி, எட்டு மாதப் பெண் குழந்தை. வாடகை குறைவென்று மலைப்பக்கம் வீடு எடுத்திருந்தார்கள். அதனால் கார் இல்லாமல் முடியாது என்று பழைய கார் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார்கள். மற்றவர்கள் யாரும் அன்றைக்கு இல்லை. அந்த இளம் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு குசினியில் நின்றாள். யன்னல் திறந்திருந்தது.

இவர் ரயரில் தொடங்கினார். பிறகு சோக். பிறகு வடிகட்டி. நான் கேட்டும் கேட்காமலும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மலையிலை இருக்கிறியள். அது உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்" என்றது அவர் குரல். "காலமை வேலைக்கு இறங்கேக்கை நியூற்றலிலை விட்டிட்டு எஞ்சினை நிப்பாட்டிப் போடுங்கோ. அடிவாரம்வரை ஒரு சொட்டுப் பெற்றோல் போகாது."

"அப்பிடிச் செய்யலாமோ அண்ணை?"

"நான் பதினொரு வருஷம் செய்தனான்."

கேத்திலை வைத்துவிட்டு நான் வெளியே போனேன். பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"தம்பி, உம்மடை திறப்பை ஒருக்காத் தாரும்" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். பிறகு தந்தார். நான் அவர்களுடைய காருக்குள் ஏறி, திறப்பைப் போட்டுத் திருகி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன். பிறகு திறப்பை உருவி எடுத்து, நல்ல கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அந்த 'கிளிக்' சத்தம் கேட்டது. இறங்கி, "இப்ப நீர் இருந்து திருப்பிப் பாரும்" என்றேன்.

இளைஞர் ஏறி இருந்து திருப்பினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"இறக்கத்திலை இது நடந்தால், குறுக்கை மரம் நிண்டாலும் விலக்கேலாது" என்றேன்.

"நான் திறப்பை எடுக்கச் சொல்லேல்லையே, நிப்பாட்டத்தானே சொன்னனான்" என்றார் என் கணவர். "இவ அண்டைக்குத் திறப்பை எடுத்துப்போட்டு, அந்தப் பயத்திலை இப்ப எல்லாருக்கும் படிப்பிக்கிறா."

வாசலில் நின்ற அந்தப் பெண் என் கட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அண்டைக்குத் திறப்பை ஆர் எடுத்தது?"

"இவர்" என்றேன்.

என் கணவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பொலிஸ் அனுப்பிய கடதாசி இருந்தது. அந்த இளைஞரிடம் நீட்டினார். "வாசியுங்கோ. ஆரின்ரை கையெழுத்து எண்டும் பாருங்கோ." இளைஞர் வாசித்தார். அதில் இருந்தது என் வாக்குமூலம், என் கையெழுத்து. என் கணவர் அமைதியாக, நியாயம் தன் பக்கம் நிற்கிற மனிதரைப்போல நின்றார். அவர் கேட்டதற்காக, அவரைக் காப்பாற்ற, வலியோடு நான் சொன்ன பொய் அது. அதையே எடுத்து வந்து என் முகத்தில் எறிந்தார். அடிபட்டு வளர்ந்தவள் இல்லை நான். ஆனால் அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அக்கா, பிறகேன் இப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று இளைஞர் கேட்டார். அவர் குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

"இவர் சொல்லச் சொன்னவர். நான் சொன்னனான்."

அவர் கடதாசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி கடதாசியை வாங்கிப் பார்க்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தன் கணவரிடம் சொன்னாள்: "நீங்கள் இறக்கத்திலை எஞ்சினை நிப்பாட்டினா, நான் பிள்ளையோடை இந்தக் காரிலை ஏறமாட்டன்." அவள் சத்தமாகச் சொல்லவில்லை. என் கையிலிருந்த திறப்பை வாங்கி அவரிடம் கொடுத்தாள். தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்கள்.

"என்னை அவமானப்படுத்திப்போட்டீர்" என்றார் என் கணவர்.

"நாளைக்குப் பொலிஸுக்குப் போறன்" என்றேன்.

"போம். பொய் சொன்னதெண்டு உம்மைத்தான் பிடிப்பினம்."

"தெரியும்."

போனேன். அதே இளம் பொலிஸ்காரர்தான் இருந்தார். பொய் வாக்குமூலம் கொடுத்தது குற்றம், தெரிந்துதான் வந்தீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் வந்தேன் என்றேன். ஏன் இத்தனை நாள் கழித்து என்றார். திறப்பை எடுத்த என் கணவர் இதை இன்னும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்றேன். அவர் புதுக் கடதாசி ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதினார். இந்த முறை நான் ஒவ்வொரு வரியையும் வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

என் லைசென்ஸ் நிறுத்தத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். அவருடையதை ஆறு மாதத்துக்குப் பறித்தார்கள். காலைகளில் பஸ் தரிப்பில் இருவரும் நின்றோம், அவர் ஒரு முனையில், நான் மறுமுனையில். கதை பரவியபின் ஞாயிறுகளில் ஒருவரும் வரவில்லை. அந்த மாதங்கள் முழுவதும் கார் எங்கள் முன்பாதையில் அசையாமல் நின்றது. பெற்றோல் ஒரு சொட்டும் செலவாகவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பெருமை பேசவில்லை.